நூலைப் பிடித்த கைகள்: கிழக்குக் கரைக் கைத்தறியின் நிறுவன வரலாறு

விழா மலருக்கு நிறுவன வரலாறு எழுத நம்மிடம் ஒரு நிலையான முறை உண்டு. சங்கம் பதிவான திகதி, முதல் தலைவரின் பெயர், கட்டடத்துக்கு அடிக்கல் நட்ட அமைச்சர், வந்துபோன செயலாளர்களின் வரிசை, கடைசியில் நன்றி. ஐக்கிய நாடுகள் சபை 2025ஐச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்ததை ஒட்டி வெளிவரும் இம்மலருக்கும் அப்படியொன்றை எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் மருதமுனையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தறி ஏன் ஓடியது, ஏன் நின்றது என்பதற்கு அந்த வரிசையில் விடை கிடைக்காது. நூலை யார் இறக்கினார், யாருக்கு எந்த விலைக்குக் கொடுத்தார், நெய்ததை யார் எடுத்தார் என்று கேட்டுக்கொண்டு போனால் கிடைக்கும். இக்கட்டுரை அந்தக் கேள்விகளோடு போகிறது. தலைவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் எழுதுவது சவளக்கடையிலிருந்து. வயலுக்கு நடுவே இருக்கிற ஊர். கல்முனைக்குப் போகக் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் போக்குவரத்து அறுந்துவிடும். இந்தப் பக்கம் வெள்ளாமை. அந்தப் பக்கம் கடல், கடைத்தெரு, தறி. கைத்தறியின் கதையை வயற்கரையிலிருந்து எழுதுவதா என்று கேட்கலாம். மருதமுனைச் சாறனை வாங்கி, வரம்பிலும் வாய்க்காலிலும் நனைத்து, வெளுத்துக் கிழியும்வரை உடுத்தவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். மாரி வெள்ளாமை அறுத்து நெல்லுக் காசு கையில் வரும்போது சாறனும் விற்கும். வெள்ளாமை படுத்தால் சாறன் கடையும் படுக்கும். நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னுக்கு நகர்கிற பெருநாள். அது சுற்றி வந்து மாரி அறுவடையோடு சேர்கிற சில ஆண்டுகள் தறிக்காரருக்கு நல்ல ஆண்டுகள். 2025இல் மார்ச் கடைசியில் பெருநாள் வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கும் அந்தச் சேர்க்கை இருக்கும். இதைத் திட்டமிடல் அறிக்கை எதிலும் நான் கண்டதில்லை. கடைக்காரர்களைக் கேட்டால் விரல் மடித்துச் சொல்வார்கள்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே சில கிலோமீற்றர் போனால், பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனை. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனும் மருதூர்க்கொத்தனும் பிறந்த ஊர். எழுத்தும் நெசவும் ஒரே வளவில் நடந்த ஊர் என்று சொன்னால் மிகையில்லை. கரையோரத்தில் இது தனியாக நின்ற நெசவூருமில்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர் என்று மட்டக்களப்புப் பக்கத்திலும் தறிச்சத்தம் இருந்தது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை கல்முனைப் பகுதியும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் கிடந்தது. ஆகவே பழைய கணக்கில் இவையெல்லாம் ஒரே மாவட்டத்துத் தறிகள்.

கட்டம் போட்ட சாறன் நம்முடைய தனிக் கண்டுபிடிப்பில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து தென்கிழக்காசியாவுக்கும் இலங்கைக்கும் நூற்றாண்டுக் கணக்கில் போன துணி அது. பழவேற்காட்டுத் துறைமுகத்தின் பெயர்தான் ‘பாலையக்காட்டு’ லுங்கி என்று இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய புடைவைக்கு இந்தக் கரை பழைய வாடிக்கை. வந்த துணியைப் பார்த்துக் கரையிலேயே நெய்யத் தொடங்கியபோது, கையிலிருந்த பெரிய அனுகூலம் வாங்குகிறவரின் ருசி தெரிந்திருந்ததுதான். எந்த ஊருக்கு எந்தக் கட்டம், எந்த வயதுக்கு எந்த நிறம் என்பது நெய்கிறவருக்கு மனப்பாடம். இந்த அறிவுக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. இழந்தால்தான் விலை தெரியும்.

தொழிலின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். இல்லாவிட்டால் நூல் ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்பது விளங்காது. பருத்தி நூலைக் ‘கவுண்ட்’ கணக்கில் பேசுவார்கள். 840 யார் நீளமுள்ள கழி எத்தனை சேர்ந்தால் ஒரு இறாத்தல் எடை வருகிறதோ, அது அந்த நூலின் எண். எண் கூடக் கூட நூல் மெல்லியது, விலையும் கூடியது. இரண்டு நாற்பதை முறுக்கிச் சேர்த்தால் 2/40. அதில் ஒரு இறாத்தலில் 16,800 யார் வரும். அந்த நூலைச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, ராட்டில் சுற்றி, பாவோட்டி, ஒவ்வொரு இழையாக விழுதிலும் அச்சிலும் கோர்த்து, தறியில் ஏற்றும்வரை ஒரு முழம் துணியும் பிறக்காது. நெய்கிறவர் ஒருவர் என்றால் அவருக்குப் பின்னால் நூல் சுற்றுகிறவர், தார் போடுகிறவர், பாவு பிணைக்கிறவர் என்று வீட்டில் பாதிப்பேர் இருப்பார்கள். தறி செய்ய ஓடாவி, கொட்டில் வேயக் கிடுகு. ஜோன் கே 1733இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த விசைநாடா சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரி அல்பிரட் சாற்றர்ட்டன் சேலத்தில் அதைப் பரப்ப நின்றார். நாடாவைக் கையால் எறிவதற்குப் பதில் கயிற்றை இழுத்து ஓட்டும் அந்தத் தறிதான் பிறகு எங்கும் பரவியது. வேகம் கூடியது என்பது உண்மை. வேகம் கூடினால் நூலும் அந்த வேகத்தில் வேண்டும் என்பதும் உண்மை.

இங்கேதான் முதலாளி வருகிறார். தறி நெய்கிறவருடையது, வளவும் வீட்டாருடையது, நூல் முதலாளியுடையது. நூலைக் கொடுத்துச் சாறனை எடுத்து, துண்டுக்குக் கூலி போடுவார். பெருநாளைக்கு முன்பணம் கொடுப்பார், மகளின் கலியாணத்துக்கும் கொடுப்பார். கணக்கு அவருடைய கொப்பியில் இருக்கும். இந்த முறையைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் விற்காமல் தேங்குகிற சாறனின் நட்டத்தையும் அவர்தான் தாங்கினார். வேறு எந்த நிறுவனமும் அன்று அதைத் தாங்க முன்வரவில்லை. நெய்கிறவர் இழந்தது வேறு: எதை நெய்வது என்ற தீர்மானம், எவ்வளவுக்கு விற்றது என்ற தகவல். இந்த இரண்டும் இல்லாதவர் தன் வளவிலேயே கூலியாள்.

கூட்டுறவு என்ற யோசனை நெசவாளரிடமிருந்தே பிறந்தது என்பதை நம் கூட்டுறவு விழாக்களில் போதிய அளவு சொல்வதில்லை. ஸ்கொட்லாந்தின் பென்விக் ஊர் நெசவாளர் 1761இல் ஒரு சங்கமாகச் சேர்ந்தனர். சில ஆண்டுகளில் ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கி, உறுப்பினருக்கு மலிவாகக் கொடுக்கத் தொடங்கினர். இங்கிலாந்தின் றொச்டேலில் 1844இல் 28 பேர் சேர்ந்து கடை திறந்ததைத்தான் பாடநூல்கள் தொடக்கமாகச் சொல்கின்றன. அவர்களிலும் நெசவாளர் பலர். கூலி உயர்வு கேட்டுத் தோற்ற ஊர் அது. வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்று சில பொருள்களோடு டிசம்பர் 21ஆம் திகதி இரவு கடை திறந்தார்கள். அவர்கள் துணி நெய்து விற்கவில்லை. வாங்குகிற பக்கத்தைத்தான் முதலில் கையில் எடுத்தார்கள். ஒற்றையாக வாங்குகிறவன் எப்போதும் கூடிய விலை கொடுக்கிறான் என்ற எளிய கணக்கு அது. நம் நெசவாளர் சங்கங்கள் பிறகு செய்த பெரிய பிழைகளில் பாதி இந்தக் கணக்கை மறந்ததால் வந்தவை என்பது என் அபிப்பிராயம்.

இலங்கையில் தெல்தெனியவில் 1906இல் தும்பறைக் கடன் சங்கம் உருவானது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போர்தான் கூட்டுறவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. அரிசியும் சீனியும் பங்கீட்டுக்கு வந்தபோது சங்கக்கடைகள் முளைத்தன. கப்பல் வராத நாட்களில் துணிக்கும் தட்டுப்பாடு வந்ததால், உள்ளூரில் நெய்ததற்கு ஒருநாளும் இல்லாத கிராக்கி ஏற்பட்டது. நெசவு நிலையங்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அந்தச் சூட்டிலும் சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளிலும் நாட்டின் பல பாகங்களில் எழுந்தன. 1927இல் காந்தி இலங்கை வந்து கதருக்கு நிதி திரட்டியபோது மூட்டிய சுதேசி உணர்வும் எங்கோ ஒரு மூலையில் இதற்கு உரமிட்டிருக்கும். ஆனால் சங்கங்களை ஓடவைத்தது உணர்வைவிட நூல் கோட்டாதான்.

அறுபதுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் 1970 முதல் 1977வரையான ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாடும் கைத்தறிக்குப் பொற்காலத்தைக் கொண்டுவந்தன. வெளிநாட்டுத் துணி வராது. உடுக்க ஏதாவது வேண்டும். ஆகவே நெய்ததெல்லாம் போகும். சலுசல போன்ற அரச நிறுவனங்கள் துணியின் மொத்த வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தன. வேயங்கொடை, துல்கிரிய, பூகொட, மத்தேகொட ஆலைகள் அரச கூட்டுத்தாபனத்தின் கீழ் ஓடின. பதிவுள்ள தறிக்கு நூல் கோட்டா. இந்தக் காலத்தை நினைவுகூர்கிறவர்கள் கண் கலங்கப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அதை மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்டா இருக்குமிடத்தில் கோட்டாவை விற்கிறவனும் இருப்பான். சங்கத்தின் வேலை நூலை வரிசையில் நின்று வாங்கிப் பங்கிடுவதாகச் சுருங்கியது. விற்பனையைத் தேடிப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. நிறம் மங்கினாலும் வாங்க ஆளிருந்தது. விலை பேசத் தெரியாத, வாங்குகிறவரின் முகம் பார்த்திராத சங்கங்கள் அந்த வசதியில் வளர்ந்தன.

பாக்குநீரிணைக்கு அப்பால் வேறு வழி போனார்கள். சென்னை மாகாணத்தில் 1935இல் தொடங்கிய மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்றது. கிராமச் சங்கம் நெய்யும். மேலே இருக்கிற சங்கம் நகரங்களில் கடை திறந்து விற்கும். 1953இல் இந்திய அரசு ஆலைத் துணிக்கு மேலதிகத் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பியது. ஆலையும் கைத்தறியும் ஒரே சந்தையில் நிற்க, ஆலை கொடுத்த பணத்தில் கைத்தறி தன் கடையைக் கட்டியது. அங்கேயும் போலிச் சங்கங்கள், தள்ளுபடி மோசடிகள், தேங்கிய துணிமலைகள் எல்லாம் உண்டு. அதைச் சொர்க்கமாகக் காட்ட நான் வரவில்லை. ஆனால் கடையை நடத்தும் பழக்கம் நிறுவனத்துக்குள் வந்துவிட்டது. நம்முடைய பாதுகாப்புச் சுவர் துறைமுகத்தில் இருந்தது. சுவருக்குள் கடை கட்டும் வேலையை யாரும் அவசரமென்று எண்ணவில்லை.

1977இல் சுவர் இடிந்தது. திறந்த பொருளாதாரம் கொண்டுவந்த துணி வெள்ளத்தில் நாடெங்கும் பல்லாயிரம் நெசவாளர், பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், வேலை இழந்தனர். எண்பதுகளில் அரச ஆலைகள் தனியார் நிர்வாகத்துக்குப் போயின. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கான துணி வெளிநாட்டிலிருந்து வந்து, தைத்து, வெளிநாட்டுக்கே போனது. உள்ளூர்த் தறிக்கு அதில் ஒரு முழம்கூட இடமில்லை. மருதமுனையில் தறி அடியோடு நிற்காததற்கு என் கணக்கில் இரண்டு காரணங்கள். ஒன்று சாறன். சேர்ட்டுத் துணியும் சீத்தையும் விழுந்த வேகத்தில் கைத்தறிச் சாறன் விழவில்லை. கழுவக் கழுவ மெதுவாகிற அந்தத் துணியை ஆலைச் சாறன் உடனே ஈடுசெய்யவில்லை. மற்றது வீடு. இந்தக் கரையில் வீடு மகளுக்குப் போகிற வழக்கம். கலியாணமாகியும் பெண் தாய்வீட்டு வளவிலேயே இருப்பாள். தறி அந்த வளவுக்குள்ளேயே இருந்தது. பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு நெய்யலாம். உம்மா தார் சுற்றித் தருவார், ராத்தா பாவு பிணைக்க வருவார். தொழிற்சாலைக்குப் போக முடியாத பெண்ணுக்கும் அந்த வளவுத் தறி ஒரு வருமானம். கூலி மிகக் குறைவாக இருந்தும் தொழில் நீடித்ததற்கு இதுவே விளக்கம். அந்தக் கூலி ஏன் உயரவில்லை என்பதற்கும் இதே விளக்கம் பொருந்தும் என்பதை மறைக்க முடியாது.

1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு சிறுகைத்தொழில் மாகாண சபைகளுக்குப் போனது. நெசவு நிலையங்கள் மாகாணத் திணைக்களத்தின் பொறுப்பாயின. வடக்கோடு இணைந்திருந்த கிழக்கு 2007இலிருந்து தனி மாகாணமாக இயங்குகிறது. நிலையங்களில் போதனாசிரியர் இருப்பார், தறி இருக்கும், பயிற்சி முடிந்தால் சான்றிதழ் இருக்கும். சான்றிதழோடு வீட்டுக்குப் போகிற பெண் அடுத்த நாள் கேட்கும் கேள்வி ஒன்றே: நூல் எங்கே? அதற்குப் பதில் வைத்திருந்த நிலையங்கள் நின்றுபிடித்தன. மற்றவற்றில் கதவுதான் திறந்து கிடந்தது.

போர்க்காலத்தைப் பற்றி நீளமாக எழுதுவது இம்மலரின் நோக்கமில்லை. கொழும்பிலிருந்து நூல் வரும் பாதையும் கொழும்புக்குச் சாறன் போகும் பாதையும் ஒரே பாதை. அது அடைபட்டால் இரண்டும் நின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையின் கடலோர வளவுகள் வீட்டோடும் தறியோடும் போயின. பிறகு வந்த காலம் தறிக்கு விசித்திரமான காலம். உதவி நிறுவனங்கள் வாழ்வாதாரம் என்று தறி கொடுத்தன. ஓடாவிகளுக்குக் கை ஓயாத வேலை. தறி கொடுத்த புகைப்படம் அறிக்கையில் அழகாக விழும். நூல் மூட்டைக்கு அந்த அழகு கிடையாது. கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற விதி வந்து, மக்கள் புதிய வீட்டுத் திட்டங்களுக்கு நகர்ந்தபோது வளவு சுருங்கியது. அளந்து கட்டிய வீட்டில் குழித்தறிக்குக் குழி தோண்ட இடமேது? கொடுத்த தறிகளில் எத்தனையோ விறகானதற்கு நெய்கிறவரின் சோம்பலைக் காரணம் சொன்ன கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து பேசியிருக்க வேண்டியவர்கள் பேசவில்லை.

தெற்கில் இதே காலத்தில் வேறொரு வழி வளர்ந்திருந்தது. பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயர்பூட், நிறத்தையும் வடிவத்தையும் வைத்துக் கைத்தறியை நகரத்து வீட்டுக்கும் வெளிநாட்டவருக்கும் விற்றுக் காட்டியது. 1991இல் குருநாகல் பக்கத்தில் சாண்ட்ரா வந்துரகல தொடங்கிய செலின், நியாய வர்த்தகம் என்ற சர்வதேச ஏற்பாட்டுக்குள் நின்று வளர்ந்தது. இரண்டும் நூலைத் தாமே வாங்கி, சாயத்தைத் தாமே பார்த்து, கடையையும் தாமே வைத்திருக்கின்றன. நம் பக்கத்தில் மூன்றும் மூன்று கைகளில் கிடக்கின்றன. இவை தனியார் நிறுவனங்கள், நாம் கூட்டுறவு என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் உண்டு. வேலையைப் பார்த்தால் நம் சங்கங்கள் செய்திருக்க வேண்டியதை அவர்கள் செய்திருக்கிறார்கள். அதேசமயம் அவர்களைப் போல மருதமுனை முழுவதும் மேசைவிரிப்பும் விளையாட்டுப் பொம்மையும் நெய்யப் போவது நடக்கிற காரியமில்லை. சுற்றுலாப் பயணி வராத ஆண்டில் மேசைவிரிப்பை யார் எடுப்பார்? சாறனை அடியாக வைத்துக்கொண்டு பக்கத்தில் பெட்சீற், சால்வை, தலையணை உறை என்று விரிவதே நம் கரைக்குப் பொருந்தும்.

கடைசிச் சோதனைகள் அடுத்தடுத்து வந்தன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாட்டின் சில இடங்களில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பேச்சு எழுந்தது. வெளியூர் போய் வியாபாரம் செய்கிறவர்களுக்கு அது நேரடி அடி. 2020இல் ஊரடங்கு. அதே ஆண்டு பத்திக், கைத்தறிக்கென்று தனி இராஜாங்க அமைச்சு அமைந்து நம்பிக்கை பிறந்தது. 2021இல் இரசாயன உரத்தடை. அடுத்த மாரி வெள்ளாமை சரிந்தது. வயல்காரன் சாறன் வாங்கவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போனது. நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருவதால், துறைமுகத்தில் நடந்தது மறுநாள் வளவுக்குள் வந்துவிட்டது. உள்ளூர்ப் பொருள் என்று நாம் பெருமைப்படும் சாறனில் உள்ளூராக இருப்பது கையும் கண்ணும் மட்டும்தான் என்பதை அந்த ஆண்டு நிரூபித்தது.

சாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலைத்து நிற்கும் தொழில்முயற்சி என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது நம் ஊரில் முதலில் கிணற்றில்தான் தெரியும். கடற்கரை மணலில் கிணறு ஆழமில்லை. வளவில் ஊற்றிய சாயத்தண்ணீர் மணலுக்குள்ளால் இறங்கும். மணல் நிறத்தைக் கொஞ்சம் பிடிக்கலாம், உப்பையும் கோஸ்டிக் சோடாவையும் பிடிக்காது. திருப்பூரில் இது எங்கே போய் முடிந்தது என்பது உலகறிந்தது. நொய்யலாற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நம்முடைய அளவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. ஆனால் திருப்பூரில் ஆறு இருந்தது. நமக்கு அடுத்த வீட்டுக் கிணறு. சில அசோ சாயங்களை ஜேர்மனி 1994இலேயே தடைசெய்தது, பிறகு ஐரோப்பா முழுவதும் தடை வந்தது. எந்தச் சாயம் வாங்குகிறோம் என்று பொட்டலத்தைப் பார்க்காமல் சில்லறைக் கடையில் நிறத்தைச் சொல்லி வாங்குகிற வழக்கம் இருக்கும்வரை வெளிநாட்டுச் சந்தை என்ற பேச்சுக்கு இடமில்லை. வீட்டுக்கு வீடு தொட்டி வைப்பதை விட்டு, ஊருக்கு ஒரு பொதுச் சாயப்பட்டறை வேண்டும். தண்ணீரின் காரத்தை அமிலத்தால் சமன் செய்து, சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுப் படியவைத்து, மேல்நீரை மணல் வடியில் விட்டு, அடிமண்டியை உலர்த்தி எடுக்கிற ஏற்பாடு. பெரிய விஞ்ஞானமில்லை. ஆனால் ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாது. உப்பை இதுவும் முழுதாக எடுக்காது. ஆகவே உப்புக் குறைவாகக் கேட்கும் சாயத்தைத் தெரிவதும் அதே பட்டறையின் வேலை. இடம் தேடும்போது மாரி வெள்ளத்தின் மட்டத்தைப் பார்த்துத் தேட வேண்டும். கிட்டங்கியில் தண்ணீர் ஏறுவதை ஆண்டுதோறும் பார்க்கிற எங்களுக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு.

அடையாளக் குறி பற்றியும் இப்போது பேச்சு நடக்கிறது. கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பாவில் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு ‘மருதமுனைச் சாறனுக்கும் ஒன்று’ என்பது மேடைகளில் நன்றாக எடுபடுகிறது. எடுக்கட்டும், நான் எதிரியில்லை. தமிழ்நாட்டின் பவானி ஜமுக்காளத்துக்குக் குறியீடு கிடைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. விசைத்தறியில் நெய்த போலிச் சரக்கைப் பற்றி பவானி நெசவாளர் இன்னும் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறியைத் துணியில் ஒட்டலாம். ஒட்டியதைச் சந்தையில் போய்ச் சோதிக்கவும், பொய்யாக ஒட்டியவரை வழக்குக்கு இழுக்கவும் பணமும் ஆளும் உள்ள சங்கம் வேண்டும். அந்தச் சங்கம் இல்லாமல் வருகிற குறியால் முதலில் இலாபம் காண்கிறவர் அச்சகக்காரர்.

ஆக எல்லாம் சுற்றி நூலுக்கே வருகிறது. பல குடும்பங்களின் தேவையைச் சேர்த்து மொத்தமாக நூல் இறக்கி, நெய்கிறவருக்குக் கடனாகக் கொடுத்து, சாறன் விற்றபின் கழித்துக்கொள்ளும் நூல் வங்கி நம் சங்கங்களின் முதல் வேலையாக வேண்டும். வட்டி நமக்கு ஆகாது என்ற பேச்சு உடனே எழும். வாங்கிய விலையைத் திறந்து சொல்லி, இலாபம் இவ்வளவு என்று இரு பக்கமும் ஒப்பி, பொருளைத் தவணைக்கு விற்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. முறாபஹா என்று நம் உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். நூல் வங்கிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. நுண்கடன் கம்பனிக்காரர் வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கிற காலத்தில் இது பெண்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதலாளிமாரை இதில் எதிரியாக்குவதும் புத்தியில்லை. சந்தை அவர்களுக்குத் தெரியும். சங்கம் நூலைப் பார்க்கட்டும், விற்பனையில் அவர்களோடு போட்டி போடட்டும், சில நேரம் அவர்களுக்கே மொத்தமாக விற்கட்டும். நெய்கிறவருக்கு வாங்க வருகிறவர் இரண்டு பேராவது இருந்தால் விலை தானாக எழும்பும்.

உறுப்பினர் பட்டியலைப் பற்றி ஒன்று. நெய்வது வீட்டுப் பெண், பட்டியலில் பெயர் வீட்டு ஆண் என்ற ஏற்பாடு பல சங்கங்களில் இன்னும் தொடர்கிறது. பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துகிறவருக்கு 2/40க்கும் 2/60க்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் நூல் வங்கி ஒரு வருடம் தாண்டாது. பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் போகிற ஊர் இது, வெளிநாடு போகிறவர்களும் நிறைய. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. தறியில் இருக்கிறவர் இருக்க விரும்பி இருக்க வேண்டும், வேறு வழியில்லாமல் இருக்கக்கூடாது. படித்த பிள்ளைகளில் இரண்டொருவர் கணக்கையும் இணைய விற்பனையையும் பொறுப்பேற்றால் போதும். எல்லாரும் நாடா இழுக்க வேண்டியதில்லை.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள், செலவில்லாதது. இந்த மாதம் கொழும்பில் நூல் என்ன விலை, சங்கம் என்ன விலைக்கு இறக்கியது, உறுப்பினருக்கு என்ன விலை, போன மாதம் சாறன் மொத்தத்தில் என்ன விலைக்குப் போனது என்ற நான்கு எண்களையும் ஒரு பலகையில் எழுதி, சங்க வாசலில் தெருவைப் பார்த்துத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு மாதம் முதலாம் திகதியும் மாற்றுங்கள்.